கஞ்சி வாங்குவோர் கணக்கு

சிராங்கூன் சாலை,
ஜனவரி 1964

அன்புள்ள தம்பி தனசேகரனுக்கு,

அக்கா மங்களம் எழுதுவது. நான் நலம். ஈப்போவில் நீங்கள் எல்லோரும் நலமென்று நானாகவே முடிவு செய்துகொள்கிறேன். நீதான் பதில் போடுவதில்லையே. தைப்பூசத்துக்குப் பிள்ளைகளோடு தாராளமாக வா. அதற்குள் என் காய்ச்சல் திட்டத்தை மூடியிருப்பார்கள்.

ஊரில் தொற்றுக் காய்ச்சல் கண்டால் டாக்டர்கள் எங்கள் சுகாதார அலுவலகத்துக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதம் வருவதற்குள் நோயாளி எழுந்து வேலைக்கே போய்விடுகிறான். நம்மவர்களோ டாக்டருக்கு முன்னால் கஞ்சியைத்தான் தேடுகிறார்கள். ஆகவே, என் வீட்டுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒலி முகம்மது தினமும் எத்தனை பேருக்குக் கஞ்சி கொடுத்தார் என்று கேட்டுவர எங்கள் இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமியை அனுப்பினேன். எண்ணிக்கை ஏறினால் காய்ச்சல் பரவுகிறது என்று பொருள். மேலதிகாரி சிரித்தார். "மாதக் கடைசிக்குள் ஒரே ஒரு நிஜக் காய்ச்சலையாவது பிடித்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் மூடிவிடலாம்" என்றார்.

போன வாரம் எட்டாக இருந்த எண்ணிக்கை முந்நூறாகிவிட்டது. டாக்டரை வேனில் ஏற்றிக்கொண்டு ஓடினால், கடை வாசலில் தூக்குச்சட்டியோடு நீண்ட வரிசை, டாக்டர் முதல் ஆள் வாயில் தெர்மாமீட்டரை வைக்கப் போகிறார், அந்த ஆள் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார், ஒலி முகம்மது கரண்டியோடு ஓடிவந்து, "என்னம்மா இது, நோன்புக் கஞ்சி வாங்க வந்தவங்க வாயில கண்ணாடிக் குச்சிய வைக்கிறீங்க? பள்ளிவாசல்ல பாங்கு சொல்லட்டும், அப்புறம் எல்லாரும் திறப்பாங்க லா!" என்கிறார், வருஷா வருஷம் நோன்பு மாதத்தில் அவர் மனைவி ஆமினா பீவி என் மாடிக்கு அனுப்பும் அதே கஞ்சியைத்தான் நானும் குடிக்கிறேன், பட்டம் வாங்கிய என் புத்திக்கு அது ஞாபகம் வரவில்லை. "ஏன் சொல்லல?" என்று கோவிந்தசாமியைக் கேட்டேன். "எத்தனைன்னுதான கேட்டீங்க மேடம், ஏன்னு கேக்கலையே!"

அதன்பின் ஒரு காய்ச்சலும் அகப்படவில்லை. திங்கட்கிழமை நானே மூடச் சொல்லிவிடுவேன்.

பிள்ளைகளை முருகன் காக்கட்டும். ரயில் ஜன்னலில் தலை நீட்டாமல் நீ காப்பாற்று.

அன்புடன்,
மங்களம்

பி.கு.: மேலே 'நான் நலம்' என்றது பொய். இரண்டு நாளாக உடம்பு கணகணவென்று கொதிக்கிறது. எல்லாரையும் போல நானும் யாரிடமும் சொல்லவில்லை. இருமலைக் கேட்டு ஆமினா பீவி இன்று காலை வெறும் கஞ்சி அனுப்பினார். ஒலி முகம்மது இப்போது கோவிந்தசாமியிடம் நோன்புக் கஞ்சியைத் தனியாக, நோய்க் கஞ்சியைத் தனியாக எண்ணிச் சொல்கிறாராம், எனக்குத் தெரியாது. கஞ்சியை முடிப்பதற்குள் வாசலில் கோவிந்தசாமி: "மேடம், நம்ம திட்டம் வேலை செய்யுது லா!" பின்னால் டாக்டர். ஃப்ளூவாகத்தான் இருக்குமாம். திட்டம் பிழைத்துக்கொண்டது. நீங்கள் யாரும் வர வேண்டாம். கோவிந்தசாமி ஏதோ கேட்கிறார், பதில் சொல்ல முடியவில்லை, வாயில் தெர்மாமீட்டர்.