நல்ல சனமும் என் பாபிக்கியூவும்

இந்தமுறை என் பாபிக்கியூ அடுப்பைக் கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். கேட்டவன் என் மனைவி கிளடிஸின் தம்பி பஸ்ரியன். போன வருசம் என் புல்லு வெட்டும் மெசினைக் கொண்டுபோனவன். மெசின் திரும்பி வந்தது, பிளேட் வரவில்லை. இப்போது மே முதலாந்திகதி அவன் மகளின் பிறந்தநாளுக்கு என் புத்தம்புது நாலு பேர்ணர் பாபிக்கியூ வேண்டுமாம். வோபர்ன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்வளவில் நானே அதில் இன்னும் ஒரு கோழிக்கால் சுடவில்லை. துடைக்கிறேன், மூடுகிறேன், அவ்வளவுதான்.

ஏலாது என்று நேரே சொல்லலாம். சொல்லிவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவது?

அப்போதுதான் பக்கத்து வீட்டு நோறா அன்ரியின் ஞாபகம் வந்தது. அயர்லாந்துக் கிராமத்து மனிசி. அங்கே பற்றைக்குப் பற்றை கண்ணுக்குத் தெரியாத சின்ன ஆட்கள் இருக்கிறார்களாம். பேய் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருமாம். 'நல்ல சனம்' என்றுதான் சொல்லவேண்டுமாம். நானும் கிளடிஸின் சொந்தக்காரரை வெளியில் அப்படித்தான் சொல்லிவருகிறேன். மே முதலாந்திகதி பால், உப்பு, நெருப்பு எதை வெளியே கொடுத்தாலும் வீட்டு அதிர்ஷ்டம் வாங்கினவனோடு போய்விடுமாம்.

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

"கிளடிஸ், எனக்குக் குடுக்க விருப்பம்தான். ஆனா மே ஒண்டில நெருப்புச் சாமான் வெளியில போகக்கூடாதாம். நோறா அன்ரி சொன்னவ."

"பூசை நேரத்திலயே நித்திரை கொள்ளுற ஆள் நீங்கள். எப்பயிருந்து உதெல்லாம் நம்புறியள்?"

"நம்பிக்கை இல்லை. பயம்."

"பேய்க்கோ?"

"மெல்லக் கதையும். அப்பிடிச் சொல்லக்கூடாது."

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே யோசித்தாள். சண்டை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதிலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

"ஒரு சாமானும் போகக்கூடாதோ?"

"ஒண்டும் போகக்கூடாது."

"அப்ப சரி. நான் தம்பிக்குச் சொல்லுறன்."

கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் வென்றது இதுதான் முதல்தடவை. சந்தோசத்தில் பாபிக்கியூவை இன்னொருமுறை துடைத்தேன்.

மே முதலாந்திகதி பின்னேரம் எங்கள் வாசலில் ஒரு வான் வண்டி, அதற்குப் பின்னால் இன்னொரு வான். பஸ்ரியன், அவன் மனைவி, பிள்ளைகள், மனைவி வீட்டார், பலூன், ஒரு பெரிய வாளி நிறைய மசாலாவில் ஊறிய இறைச்சி.

"என்ன கிளடிஸ் இது?"

"நோறா அன்ரியிட்டப் போய் வடிவாக் கேட்டனான். வெளியில போகத்தான் கூடாதாம். உள்ளுக்கு வாறதுக்குத் தடை இல்லையாம்."

நோறா அன்ரியும் ஒரு கேக்கோடு வந்திருந்தார். நாலு பேர்ணரையும் பற்றவைத்து, கடைசி விருந்தாளி ஏப்பம் விடும்வரை நின்று சுட்டேன். கொழுப்பு வழிந்து என் அடுப்பு கன்னங்கரேல் என்று ஆனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகை என்று சமாளித்தேன்.

மறுநாள் காலை அதை உரஞ்சிக் கழுவி முடிக்கும்போது பஸ்ரியனின் வான் பின்பக்கமாக வந்து நின்றது.

"அத்தான், இறைச்சி மிச்சம் கிடக்கு," என்றான்.

நான் கிளடிஸைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே பாபிக்கியூவின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள்.

"மற்றப் பக்கத்தைத் தூக்குங்கோ. இண்டைக்கு மே ரெண்டு."