முன்னறைக்கு மூன்று ஞானப்பெற்றோர்

எல் ஆல்ட்டோ,
வியாழக்கிழமை காலை

கொச்சபாம்பாவில் வசிக்கும் என் மரியாதைக்குரிய மூத்த அண்ணன், கொத்தனார் தோரிபியோ லிமாச்சி அவர்களுக்கு, தம்பி செவெரோ தலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் பாசிலியாவும் மகள் ரெய்னாவும் சுகம். குளிர் மட்டும் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. அங்கே அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அத்திமரம் காய்த்திருக்கும் என்றும், உங்களுக்குக் கோபம் குறையாவிட்டாலும் ரத்த அழுத்தமாவது குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். எட்டு வருடமாக என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இதை கொச்சபாம்பா பஸ் ஓட்டும் குவால்பெர்த்தோவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனும் நானும் ஒரே ஸ்டாண்டில் இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர்கள். கடிதத்தை உங்கள் கையில் தராமல் வரமாட்டான்.

முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. வரும் ஞாயிறு பதினோரு மணிக்கு ரெய்னாவைப் பெண் கேட்டு வில்மர் வீட்டார் பூவும் பாட்டிலுமாக வருகிறார்கள். பையன் நல்லவன், தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது பெண்ணின் பெரியப்பா என்பது நம் வழக்கம். ஆனால் உங்களுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது, வேலையும் இருக்கும். வரமுடியாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டுவிட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். தகவலுக்காக மட்டுமே எழுதினேன்.

இனி வீட்டு விஷயம். அவர்கள் உட்காரப்போவது முன்னறையில். நீங்கள் செங்கல் அடுக்கிக் கட்டிய அதே முன்னறை. உங்களுக்கு மறந்திருக்காது. பனிமலைப் பக்கச் சுவரில் சன்னலுக்கு இடம் விட்டு, மேலே பாரம் தாங்க லிண்டலும் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனீர்கள். காற்று வரும், நெஞ்சில் சளி கட்டும் என்று பாசிலியா பயந்ததால் நீங்கள் திரும்புவதற்குள் நானே அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "பனிமலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்கார வீடு கட்டினவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா"ன்னு சொல்லி, கதவை அறைந்து சாத்திய வேகத்தில் கூரையோரக் காரை ஒரு சாண் உதிர்ந்தது. அதை இன்னும் பூசவில்லை. யார் சொன்னது சரி என்று இப்போது கிளற நான் விரும்பவில்லை. சன்னல் இல்லாததால் அறை கதகதப்பாகத்தான் இருக்கிறது. என்ன, நான் அடைத்த இடம் மட்டும் கொஞ்சம் உப்பிக்கொண்டு, பூச்சு வெடித்து, ஈரம் கோத்துக் கிடந்தது.

அதைச் சரிபண்ணி அறையையும் புதுசாக்க என் பென்ஷனில் மிஞ்சியது நானூறு பொலிவியானோ. அதில் விருந்துக்கும் எடுத்து வைக்க வேண்டும். நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பாசிலியா சொன்னாள்: "ஏங்க, கல்யாணத்துல கேக்குக்கு ஒரு ஞானத்தந்தை, பேண்டுக்கு ஒரு ஞானத்தந்தைன்னு ஆளுக்கொரு செலவைத் தலையில கட்டுறோமில்ல? அறைக்கும் அப்படியே பிடிப்போம். சொவத்துக்கு ஒருத்தர், தெரைக்கு ஒருத்தர். கேட்டா யாரு மாட்டேம்பாங்க?" அண்ணே, முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டினவன் மூளைக்கு இது எட்டவே இல்லை பாருங்கள். அன்றைக்கு அவளைக் கும்பிட்டேன். இன்றைக்கும் கும்பிடுகிறேன், வேறு மாதிரி.

பெயின்ட்டுக்கு ஞானத்தந்தையாக நம்ம மினிபஸ் சங்கத்துச் செயலாளர் ஃபௌஸ்தினோ சம்மதித்தார். சனிக்கிழமை மூன்று டின்னோடு வந்தார். எல்லாம் வண்டிக்கு அடித்து மிஞ்சினது, நம்ம ரூட்டு கலரு, கிளிப்பச்சை. "செவெரோ, இது மழை, வெயில், ஒரசல் எதுக்கும் அசையாது. ஒம் மகளுக்குப் பேரன் பொறந்தாலும் இந்தச் சொவரு இப்படியே இருக்கும்"ன்னார். அடித்து முடித்துப் பார்த்தால் அறை முழுக்கப் பளபளன்னு கண்ணைப் பறிக்குது. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பளபளப்புல நான் அடைச்ச இடம் மட்டும் விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது. ஞானத்தந்தைக்கு மரியாதை செய்யாம அனுப்ப முடியுமா? பன்றிக்கறிக் குழம்பு, பீர். அவரு பூமித்தாய்க்கு முதல் மடக்குன்னு புதுத் தரை விரிப்புல ஊத்தினார். பூமித்தாய்க்கு அது போய்ச் சேரலை, விரிப்புலயே தங்கிடுச்சு. இன்னிக்கும் நடந்தா செருப்பு ஒட்டுது.

தொப்பையை மறைக்கத்தான் திரைச்சீலை. அதுக்கு ஞானத்தாய் சந்தையில பாவாடைத் துணி விக்கிற எலோய்சா அம்மா. திங்கக்கிழமை வந்து இறங்கினாங்க. ஊதாக் கலரு சாட்டின், அஞ்சு அடுக்கு மடிப்பு, கீழ ஜரிகை. "பொண்ணு கேக்க வர்றவங்க மொதல்ல தெரையத்தான் பாப்பாங்க, சம்பந்திங்க வாயத் தொறக்கவே கூடாது"ன்னு சொல்லி அவங்களே கம்பி அடிச்சு மாட்டினாங்க. சுவருக்கு யாரோ பாவாடை கட்டிவிட்ட மாதிரி இருந்துச்சுன்னாலும் தொப்பை மறைஞ்சதுல எனக்கு நிம்மதி. சேதி கேட்டு ஃபௌஸ்தினோ வந்துட்டார். "எம் பெயின்ட்ட மறைக்கிறதுக்கா நான் ஞானத்தந்தையானேன்?"னு கத்துறார். "ஒங்க பெயின்ட்டப் பாத்தா ஏறுங்க ஏறுங்கன்னு கூப்பிடத் தோணுதே தவிர ஒக்காரத் தோணலையே"ன்னு அந்தம்மா. ரெண்டு பேரையும் சமாதானம் பண்ண மறுபடி குழம்பு, மறுபடி பீர், மறுபடி பூமித்தாய்.

செவ்வாய்க்கிழமை வில்மரின் அம்மா நெமெசியா, ஞாயிறு வர்ற நேரம் பேசிட்டுப் போக வந்தாங்க. அந்தம்மா உக்காரக்கூட இல்லை, "இந்தப் பக்கந்தானே பனிமலை? ஆகா, இங்கேருந்து பாத்தா அள்ளுமே!"ன்னு ஆசையா திரையை ரெண்டு கையாலயும் விலக்கினாங்க. உள்ளே கிளிப்பச்சைத் தொப்பை. அந்தம்மா "ஓ"ன்னாங்க. திரையை மெதுவா மூடிட்டாங்க, யாரோ உடுப்பு மாத்துறதைப் பாத்துட்ட மாதிரி. ரெய்னா முகம் செத்துப்போச்சு. சமையக்கட்டுல போய் வெங்காயம் நறுக்கினா. அன்னிக்கு எங்க வீட்டுல வெங்காயமே இல்லண்ணே.

அதனாலதான் மூணாவது ஞானத்தந்தை. லாரிகளுக்குப் பின்னால படம் எழுதுற சிக்ஸ்தோ. "கூலி வேண்டாம், ஞானத்தந்தைன்னு சொல்லி நல்லா கவனிச்சாப் போதும்"னு நேத்து வந்தான். அந்தச் சுவர்ல ஒரு சன்னல் வரை, அதுக்குள்ள நம்ம பனிமலை தெரியணும்னு சொல்லி, அவனைக் கவனிக்கக் குழம்பு வாங்கப் போனேன். திரும்பி வந்து பாத்தா சன்னல் இருக்கு, மலையும் இருக்கு, மூணு சிகரமும் சரியா இருக்கு. ஆனா மலைக்குக் கீழே கடல். கடலோரம் தென்னை. கடல்ல ரெண்டு அன்னம். பழைய போர்ல கடலைப் பறிகொடுத்த நாட்டுக்காரன், கொஞ்சம் இடம் கிடைச்சா கடலை எழுதிடுறான், அவனை எப்படிக் குறை சொல்றது? ஆனா கை பழக்கத்துல அடியில கொட்டை எழுத்துல 'பொறாமைப்படாதே!'ன்னு எழுதி வெச்சிருக்கான். சம்பந்தி வீட்டார் நேர் எதிர்ல உக்காரப் போறாங்க. "கையெழுத்து மாதிரி அது, அழிச்சா படத்துக்கு உசுரு போயிடும்"ங்கிறான்.

ஆக, அண்ணா, அறை மொத்தத்தில் அழகாகவே அமைந்துவிட்டது. நிறம் இருக்கிறது, திரை இருக்கிறது, மலை இருக்கிறது, கடல்கூட இருக்கிறது. மூன்று ஞானப்பெற்றோரும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். எதுவும் குறையில்லை. அந்தச் சுவரை அடைத்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம். இருந்த இடத்திலிருந்தே ரெய்னாவை மனதார வாழ்த்தினால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு உலை ஓயாமல் கொதிக்கவும், நீங்கள் கட்டுகிற சுவரெல்லாம் நூல் பிடித்தாற்போல் நிற்கவும் வேண்டிக்கொண்டு,

உங்கள் தம்பி,
செவெரோ லிமாச்சி

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுத் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். ரெய்னா அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நெஜ மலை இந்தச் சொவத்துக்குப் பின்னாலதானே இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். திரையைக் கழற்றினேன், சம்மட்டியை எடுத்தேன். பாசிலியா தடுக்கவில்லை, பாத்திரங்களைத் துணி போட்டு மூடினாள். ஆறே அடி. நான் அடுக்கினது அத்தனையும் தெருவில் விழுந்துவிட்டது, கடல், அன்னம், பொறாமை எல்லாவற்றோடும். சுற்றி நீங்கள் வைத்த செங்கல் ஒன்றுகூட அசையவில்லை. உங்கள் லிண்டல் எட்டு வருடமாக அப்படியே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதன் கீழே மலை முழுசாகத் தெரிகிறது அண்ணே. குளிரும் முழுசாக வருகிறது. பாசிலியா ரெண்டு கம்பளி போர்த்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொன்னதுதான் சரி. இதைச் சொல்ல எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள், சுவரில் இவ்வளவு பெரிய ஓட்டை, நீங்கள் இல்லாமல் முடியாது. சன்னலுக்கு ஞானத்தந்தை நீங்கள்தான். எலோய்சா அம்மா கேட்டும் அந்தப் பதவியை நான் தரவில்லை. குவால்பெர்த்தோ நாளைக்கு, வெள்ளிக்கிழமை, அங்கிருந்து திரும்புகிறான், முன் சீட்டை உங்கள் பேரில் வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். கொத்துக்கரண்டியும் ரசமட்டமும் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். சிமெண்டு நான் வாங்கி வைக்கிறேன், கலவை நான் குழைக்கிறேன். செங்கல்லைத் தொடமாட்டேன், சத்தியம்.