ஒண்ணுன்னா ஒண்ணுதான்

தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கருணாகரன் ஆசிரியர் சங்கத்துக்குக் காரியதரிசியானதிலிருந்து, வீட்டிலும் மேடைப் பேச்சுத்தான். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே பிரகடனம் செய்தார். சங்கம் இனி ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கும். அது சம்பள உயர்வு. ஆளுக்கொன்று கேட்டால், பள்ளிக்கூடத்தை நடத்தும் போர்டின் பிரசிடெண்டு எதையும் தரமாட்டார்.

அதே பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் மனைவி மங்கை மீன்குழம்பை ஊற்றினாள். அங்கே டீச்சரம்மாக்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பள்ளிக்கு எதிர்வீட்டு முத்தம்மாவிடம் போய்க் கெஞ்ச வேண்டும். முத்தம்மா வெளியூர் போய்விட்டால், அன்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பாடம்.

"அந்தக் கக்கூஸையும் மனுவுல சேத்துக்கினா இன்னா?" என்றாள்.

கருணாகரனுக்குக் காது சிவந்தது. அந்த வார்த்தையை அவர் வீட்டிலேயே சொன்னதில்லை. "கொல்லைப்பக்கம்" என்று மென்று விழுங்குவார். பிரசிடெண்டுக்கு முன்னால் நின்று மனுவை வாயால் எடுத்துச் சொல்ல வேண்டியவரோ காரியதரிசி.

"சும்மா இருமே. ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

"சரிங்க. ஒண்ணே போதும்."

கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. மனிதர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒரே கோரிக்கை என்று கருணாகரன் முழங்க, சபை கைதட்டித் தீர்மானத்தை நிறைவேற்றியது. மங்கை எழுந்து, எந்த ஒன்று என்று கைதூக்கிச் சொல்லிவிடலாமே என்றாள். எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அங்கேதான் குடி கெட்டது. ராசையா வாத்தியாருக்குத் தன் வகுப்பின் ஒழுகும் கூரை முக்கியம். டிராயிங் மாஸ்டர் வரதனுக்குத் தன் மாற்றல் நிற்க வேண்டும். ஆண்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். சம்பளத்துக்கு நாலைந்து கைகள்தான். ஹில்டா டீச்சர் கணீரென்று "கக்கூஸ்" என்றதும், பெண்கள் பக்கம் ஒரு கைகூடக் கீழே இல்லை.

கருணாகரன் பதறிப்போய், எல்லாவற்றையுமே சேர்த்துக் கேட்போம், சங்கம் எல்லாருக்கும் பொதுதானே என்றார்.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான்னு இப்பத்தானே கை தட்டினோம்," என்றாள் மங்கை. சபை மறுபடியும் கை தட்டியது.

மறுநாள் காலை, பிரசிடெண்டைப் பார்க்கப் புறப்படுமுன், காலடிப்பேட்டையில் தங்கள் வீட்டுக்குள்ளேயே கோட்டும் தலைப்பாகையுமாகக் கருணாகரன் விறைத்து நின்றார். எதிரே மங்கை, அரிச்சுவடி வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கனம் பிரசிடெண்டு அவர்களே... எங்களுக்கு ஒரு... கக்..."

"வாய்க்குள்ளயே வச்சிகினு கீறீங்களே. இன்னொரு தபா, தெருவுக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க."