மூன்று வருடம் மூச்சுவிட்ட மண்

உறங்குவதும் ஒரு பணியே என்று உலகுக்கு நிரூபித்த பெருமை, எட்டயபுரம் சாலையிலுள்ள மண்ணுயிர் ஆய்வு நிலையத்தையே சேரும். அதன் தலைவர் கிருஷ்ணராஜ் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்து 'ஆராய்ச்சி'யில் இறங்கிவிட்டால் ஊழியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார்கள்.

அந்த ஆராய்ச்சியைக் கெடுக்கவென்றே வந்து நின்றார் விளாத்திகுளம் பக்கத்து விவசாயச் சம்சாரி கருத்தையா. உவர் பூத்த தன் புஞ்சையிலிருந்து ஒரு பை மண்ணை மூன்று வருடத்துக்கு முன் சோதனைக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பின் விதைத்த கம்பு இரண்டு முறை சாண் உயரத்தில் கருகிவிட்டது. முடிவு தெரிந்தால் இந்தப் புரட்டாசியில் விதைக்கலாம். இல்லையென்றால் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"உங்க மண்ணுல உசுரே இல்ல அண்ணாச்சி. பைலை மூடியாச்சு" என்றார் கிருஷ்ணராஜ், கண்ணைத் திறக்காமல்.

ஆய்வக உதவியாளர் நுஸைபா அவசரப்பட்டுவிட்டாள்.

"இருக்கு சார். நீலப்பச்சைப் பாசியோட வித்துக உறங்கிக் கெடக்கு. ஒரு கரண்டி மண்ணை எடுத்து அளந்து பாத்தேன். காஞ்சு கெடந்தாலும் லேசா மூச்சு விடுது. தண்ணி தெளிச்சதும் நாலே நாளுல பச்சை கட்டிருச்சு."

கிருஷ்ணராஜ் கண்ணைத் திறந்தார். நிலையத்தின் வரலாற்றில் அது முக்கியமான தருணம்.

"தூங்கிக்கிட்டே வேலை பாக்குதுன்னு சொல்லுதியா?"

"ஆமா சார். ரொம்ப மெதுவா."

"அப்ப அதுவும் டூட்டிதானம்மா."

மறு வாரமே 'உறக்கத்திலும் ஓயாத உழைப்பு' என்று கருத்தரங்கு நடந்தது. கருத்தையாவின் மண் மொத்தமும் கண்ணாடிக் கிண்ணங்களில் நிரப்பப்பட்டு, நீர் தெளிக்கப்பட்டு, விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாக வழங்கப்பட்டது. சோதனைக்கு ஒரு சிட்டிகைகூட மிஞ்சவில்லை. அந்தத் தியாகத்தைப் பாராட்டிக் கருத்தையாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் புஞ்சையைச் சுற்றியுள்ள காடுகளில் அன்று காலைதான் விதைப்பு முடிந்திருந்தது.

"துண்டு கெடக்கட்டும் சார். என் மண்ணு ரிசல்ட் என்னாச்சு?"

"வேற மண்ணு கொண்டாங்க. முறைப்படி பாத்துச் சொல்லுதோம்."

கருத்தையா பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"கொண்டாரேன் சார். அந்தப் பாசிக்கு ஒரு கை தண்ணி போதும், நாலு நாளுல முழிச்சிக்கிடுது. உங்களுக்கு எதை ஊத்தணும்னு ஒரு தாளுல எழுதிக் குடுங்க. மண்ணோட சேத்து அதையும் கொண்டாந்துருதேன்."