பதினேழாவது நிகழ்ச்சியாக ஒரு பாட்டு

1988 நவம்பர் 12, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. தென் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் தூறல். குடை பிடித்தால் வெட்கம், பிடிக்காவிட்டால் தடிமன் என்கிற வகைத் தூறல். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கலைவிழா அந்த நேரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியது இரண்டு ஐம்பத்திரண்டுக்கு. செயலாளர் நான். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வருடம் எங்களுக்கு வாய்த்த பிரதம விருந்தினர் சாதாரண ஆள் இல்லை. கரீபியன் தீவான யமேக்காவைச் சேர்ந்த தாய்க்குத் தென் லண்டனில் பிறந்த பாடகர். அவருடைய பாட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடியது. யப்பானிலும் ஓடியதாக என் மகள் சொன்னாள். (பெயரை எழுதமாட்டேன். அவருக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், எனக்கு இல்லை.) அப்படிப்பட்டவர் எங்கள் விழாவுக்கு வந்த காரணம் மிக எளிது. அவருடைய தாய் டோரீனும் என் மனைவி கமலாவும் ஒரே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. டோரீன் சொன்னால் அவர் வருவார். உலகப் புகழெல்லாம் வீட்டு வாசலுக்கு வெளியேதான் போலும்.

என் மகள் சுபாவுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் அறைச் சுவரில் அவருடைய படங்கள் ஒன்பது. நான் வாக்குக் கொடுத்ததை நம்பி, வகுப்புத் தோழிகள் பதினொரு பேருக்கு அவர் பாடுவார் என்று சொல்லி அழைத்து வந்திருந்தாள். அவர்களில் பாதிப் பேர் அதுவரை அவளை நம்பவில்லை.

"அப்பா, ஷுவரா பாடுவார்தானே? இல்லாட்டி நான் திங்கக்கிழமை ஸ்கூலுக்கே போக ஏலாது."

"பாடுவார் பிள்ளை. பதினேழாவது நிகழ்ச்சி. ஐந்து பத்துக்கு."

மொத்த நிகழ்ச்சிகளே பதினேழுதான். அவரைக் கடைசியில் போட்டது என் சாமர்த்தியம். எங்கள் விழாக்களுக்கு ஒரு குணம் உண்டு. தன் பிள்ளையின் நடனம் முடிந்ததும் தகப்பன் கார்ச் சாவியைத் தேடுவார். ஆகவே சனம் எதற்காகக் காத்திருக்குமோ அதைக் கடைசியில் கட்டிவைக்க வேண்டும். கமலா மட்டும் எச்சரித்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளையை முதல்ல பாட விடுங்கோ."

"முதல்ல பாடினா பிறகு தலைவரின்ர பேச்சை ஆர் கேக்கிறது?"

"இப்பவும் ஆர் கேக்கிறது?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைவரின் பேச்சைப் பற்றிக் கவலை இல்லை. பதினாறாவது நிகழ்ச்சி நன்றியுரை. அது என்னுடையது. ஆறு பக்கம்.

பாடகர் ஒன்று ஐம்பத்தைந்துக்கே தாயோடு வந்துவிட்டார். மண்டபத்தில் அப்போது இருந்தது மூன்று பேர்: நான், வடைப் பெட்டியோடு கமலா, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த கேர்டேக்கர். "நாள் மாறி வந்துவிட்டோமா?" என்று பாடகர் கேட்டார். "இல்லை, நேரத்துக்கு வந்துவிட்டீர்கள்" என்றேன்.

பிறகு மேடையில் நடுக்கதிரை. மூன்று மாலை, ஒரு பொன்னாடை, சந்தனப் பொட்டு. குத்துவிளக்கு ஏற்றினார். தேவாரத்துக்கு எழுந்து நின்றார். ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை நான்கு. பேச்சாளர்களில் ஒருவரைத் தவறவிட்டாலும் அவர் பத்து வருடம் என்னோடு கதைக்கமாட்டார் என்பதால் எல்லோரையும் போட்டிருந்தேன். ஒவ்வொருவரும் "இரண்டே இரண்டு வார்த்தை" என்றுதான் தொடங்கினார்கள்.

தலைவர் சிற்றம்பலம் அண்ணை, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், முப்பத்தெட்டு நிமிடம் பேசினார். கரீபியன் மக்களும் தேங்காய்ப்பால் விட்டுச் சோறாக்குகிறார்கள், நாங்களும் ஆக்குகிறோம், ஆகவே நாமெல்லாம் உறவினர் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முழுக்கத் தமிழில். பாடகர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"என்ன சொல்கிறார்?"

"உங்களைப் புகழ்கிறார்."

"அரை மணித்தியாலமாகவா?"

"இன்னும் முடியவில்லை."

அவர் கோபிக்கவில்லை. "என் மாமா ஒரு சபைப் போதகர்" என்றார். "எனக்குப் பழக்கம்." முன்வரிசையில் டோரீன் நான்காவது வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதினைந்தாவது நிகழ்ச்சி முடிந்தபோது ஐந்து நாற்பத்தொன்று. மண்டபத்தை ஆறு மணிக்கு ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு அது முதியோர் நடனக் கழகத்துக்குரியது. புத்தி உள்ளவன் என்ன செய்திருப்பான்? கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "இனிப் பாட்டு" என்றிருப்பான். நான் மைக்கைப் பிடித்து, "இரண்டே இரண்டு வார்த்தை" என்றேன்.

பதினாறு நிமிடம். நாற்பத்து மூன்று பேருக்கு நன்றி சொன்னேன். திரைச்சீலை தந்தவருக்கு, அதைக் கழுவியவருக்கு, கழுவ இடம் கொடுத்தவருக்கு. மூன்றாவது வரிசையிலிருந்து சுபா இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல வெட்டி வெட்டிக் காட்டினாள். கையசைக்கிறாள் என்று நினைத்து அவளுக்கும் நன்றி சொன்னேன்.

பாடகர் எழுந்தபோது ஐந்து ஐம்பத்தேழு. மாலைகளைச் சரிசெய்து, மைக்கின் உயரத்தைக் கூட்டி, "குட் ஈவினிங்" என்றார். அந்த இரண்டு சொல்லோடு ஆறு மணி ஆகியது, மைக் செத்தது. மேடை ஓரத்தில் கேர்டேக்கர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்வாசலில் நடனக் கழகத்து முதியவர்கள் சப்பாத்துப் பைகளோடு வரிசையில்.

கேர்டேக்கரிடம் மன்றாடினேன். அவர் மணிக்கூட்டைக் காட்டினார். சனம் முணுமுணுத்துக்கொண்டு தூறலுக்குள் இறங்கியது. சுபா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த லிஸ்ட் நீங்கள்தானே டைப் பண்ணினது?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குப் பின்னால் பதினொரு முகங்கள் என்னைப் பார்த்தன.

கார் தரிப்பிடத்தில் ஆளாளுக்கு என்னைத் திட்டிக்கொண்டு நின்றபோதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. சுபாவின் அறைக் கதவுக்கு வெளியே நான் ஆயிரம் தரம் கேட்டு, "சத்தத்தைக் குறை" என்று கத்திய அதே குரல்.

நடந்தது இதுதான். நடனக் கழகத் தலைவி பொன்னாடையோடு வெளியேறியவரை அடையாளம் கண்டு, "எங்களுக்கு ஒன்று பாடக்கூடாதா மகனே?" என்று கேட்டிருக்கிறார். டோரீன், "நாலு மணித்தியாலம் சும்மா இருந்தாய். போய்ப் பாடு" என்றிருக்கிறார். மைக் இப்போது அவர்களுடையது. கேர்டேக்கரே வயரைச் சொருகியிருக்கிறார்.

நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். தலைவி தகர டப்பாவோடு வழிமறித்தார். தலைக்கு ஒரு பவுண்.

சிற்றம்பலம் அண்ணை முன்னுக்கு வந்தார். "அம்மணி, அவர் எங்களுடைய பிரதம விருந்தினர்."

"உங்களிடம் இருந்தபோது நீங்கள் அவரை என்ன செய்தீர்கள்?" என்று தலைவி கேட்டார்.

அண்ணை தொண்டையைச் செருமிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீர்தானே பாடுவார் எண்டு சொல்லி ரிக்கற் வித்தனீர்? நீரே கட்டும்" என்றார் ஒருவர். நான் சுபாவைப் பார்த்தேன். செக் புத்தகத்தை எடுத்தேன்.

ஒவ்வொரு தலையாக எண்ணி உள்ளே விட்டேன். நூற்று நாற்பத்தேழு. அதில் சிற்றம்பலம் அண்ணையை இரண்டு தரம் எண்ணிவிட்டேன். குடையைக் காரில் விட்டுவிட்டு வர வெளியே போயிருக்கிறார்.

பாடகர் மூன்று பாட்டுப் பாடினார், பதினான்கு நிமிடம். சுபா எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு கிழவரோடு ஆடினாள். தோழிகள் பதினொரு பேரும் அவளைச் சுற்றி ஆடினார்கள். டோரீன் கமலாவை இழுத்து ஆடவைத்தார். சேலையோடு அவள் அவ்வளவு நன்றாக ஆடுவாள் என்பது பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் சிற்றம்பலம் அண்ணை நன்றி சொல்ல மேடைப் படியில் ஏறினார். டோரீன் வேண்டாமென்று ஒரு விரலை ஆட்டினார். இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம். பிறந்தநாளோ குடிபுகுதலோ, யாராவது தொண்டையைச் செருமினால் பேரப்பிள்ளைகள் வரை ஒரே குரலில் சொல்வார்கள்: "முதல்ல பாட்டு." சுபாவின் கலியாணத்தில் சாப்பாட்டையும் முதலில் போட்டுவிட்டாள். மணமகளின் தகப்பனாக நான் பேச எழும்பியபோது எதிரில் இருந்தது நாலு பேர். அதில் ஒருவர் நித்திரை. இன்னொருவர் டோரீன், அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் எனக்கு நேரே வைத்தார். ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன். நல்ல பேச்சு என்று கமலா சொன்னாள், முதல் தடவையாக.

கணக்கு இதுதான். வாசலில் எழுதிய செக், நூற்று நாற்பத்தேழு பவுண். கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் வங்கி எழுதிய கடிதத்துக்கு, பதினைந்து பவுண். தூறலில் நின்று பிடித்த தடிமனுக்கு மருந்து, இரண்டு பவுண் முப்பத்தைந்து. ஆக மொத்தம் நூற்று அறுபத்து நான்கு பவுண் முப்பத்தைந்து பென்ஸ்.