பதினோராவது தாள்

மேசையில் மாத்தே தேநீர் குடிக்கும் குடுக்கை மட்டும் இருந்தது. அதன் அடியில் மூன்று வாரமாக இருந்த பதினொரு தாள்களைக் காணவில்லை.

“நிபியா, இங்க இருந்த பேப்பர் எங்க?”

அலுவலகத்தைத் துடைக்கும் நிபியா ஜன்னலைக் காட்டினார். “பன்னெண்டு அடிச்சிருச்சே, தோன் உலிசெஸ்.”

ஆண்டின் கடைசி வேலை நாள்; நண்பகல் பன்னிரண்டு அடித்ததும் பழைய காகிதங்களை ஜன்னல் வழியே வீசுவது ஊர் வழக்கம். மொன்தெவிதெயோவின் பழைய நகரத்தில் எல்லா ஜன்னல்களிலிருந்தும் முடிந்துபோன வருடத்தின் காலண்டர்களும் கிழித்த காகிதங்களும் விழுந்துகொண்டிருந்தன. சிலர் வாளித் தண்ணீரும் ஊற்றினார்கள்.

ஆடிட்டர் உலிசெஸ் பென்தான்கூர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாடி கீழே, எல்லாமே வெள்ளையாக இருந்தது.

நவம்பரில் அவருடைய முதலாளி சுல்மா அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். வாடிக்கையாளருக்கு வரப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே காண ஆடிட்டர்களைப் பழக்கும் பயிற்சி. வீட்டுப்பாடம்: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தாள். ஒளிக்காமல் எழுது. ஆண்டு முடிவதற்குள் நேரில் சொல்.

உலிசெஸ் ஒளிக்காமல் எழுதினார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அதிலும் பாஸ்தா கடை தோன்யா தெல்மிராவின் தாள். ‘ஜூனில் மருமகன் ரூபென் இவரை வெளியே தள்ளிவிட்டுக் கடையை விற்பான்.’ ரூபென் என்றால் அந்த அம்மாளுக்கு உயிர்.

“தெல்மிரா நம்மள விட்டுப் போனா, உங்க நாற்காலியும் கூடவே போகும்” என்று சுல்மா சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போயிருந்தார்.

உலிசெஸ் தலையை வெளியே நீட்டி, “வீசாதீங்க! வீசாதீங்க!” என்று கத்தினார்.

எதிர்க் கட்டடத்தில் கை தட்டினார்கள். இரண்டு மடங்கு காகிதம் வந்தது.

படிகளில் ஓடி இறங்கினார். தெருவில் கணுக்கால் வரை காகிதம். மண்டியிட்டுத் தேடினார். மூன்றாம் மாடி வக்கீல்கள் வாளியைக் கவிழ்த்தார்கள்.

“புது வருஷம் நல்லா இருக்கட்டும், ஆடிட்டரே!”

நனைந்த தலையுடன் எழுந்தார். யாராவது படித்துவிட்டால்? யோசிக்காமல் கத்தினார். “பச்சை இங்க்ல எழுதின பேப்பர் ஒண்ணுக்கு ஒரு பாட்டில் சைடர்!”

தெருவே குனிந்து படிக்கத் தொடங்கியது. உரக்க.

“‘மருந்துக்கடை அன்செல்மோ. மகன் கடைக்கு வரமாட்டான். படிப்பை நிறுத்திவிட்டான்.’ இது பச்சைதானே?”

அன்செல்மோ பக்கத்தில்தான் நின்றிருந்தார். “எவன் சொன்னான்? மூணாம் வருஷம் படிக்கிறான் என் பையன்!”

“ரெண்டு வருஷமா புத்தகம் வாங்கின பில்லே வரலையே, தோன் அன்செல்மோ” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு உலிசெஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்செல்மோ போனை எடுத்தார்.

“அடுத்ததை நான் படிக்கிறேன்” என்றது ஒரு குரல்.

ஒரு மணிக்குள் பத்துத் தாள்கள் கிடைத்தன. பத்திலும் மை கரைந்திருந்தது. செருப்புத் தடம் வேறு.

“தெல்மிரான்னு பேர் போட்டது யார் கையிலயாவது இருக்கா?”

“பாஸ்தா கடை அம்மாவா? ஐயோ, அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?”

“ஒண்ணுமில்ல! ஒண்ணும் ஆகாது!”

“இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒண்ணுமில்லன்னா எப்படி? இருங்க, நான் போய் அவங்களையே கேட்டுட்டு வரேன்” என்று ஒருவர் கிளம்பினார்.

உலிசெஸ் அவரைத் துரத்தவில்லை. மெல்ல மேலே ஏறினார்.

அவருடைய நாற்காலியில் தோன்யா தெல்மிரா உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தத் தாள். நான்காக மடித்துப் பிரித்திருந்தது. பச்சை மை ஒரு எழுத்தும் கலையவில்லை.

“ஏன் ஜூன்?”

“தோன்யா தெல்மிரா, அது சும்மா ஒரு வீட்டுப்பாடம்…”

“ஏன் ஜூன்னு கேட்டேன்.”

உலிசெஸின் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “மார்ச்லேர்ந்து மாவு பில்லுல ரூபென் கையெழுத்து. ஆகஸ்ட்ல பேங்க்ல தன் பேரையும் சேர்த்தாரு. அக்டோபர்ல கட்டடம் என்ன விலை போகும்னு எங்கிட்ட கேட்டாரு. ஜூன்ல உங்களுக்கு எழுபது. அன்னைக்குக் கடையை அவர் பேருக்கு எழுதித் தர்றதா நீங்களே சொன்னீங்க.”

தோன்யா தெல்மிரா தாளைப் பார்த்தார். உலிசெஸ் தன் மேசையில் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தார். குடுக்கை அவருடையது.

“இருபத்திரண்டு வருஷமா முடிஞ்சு போனதத்தான் எங்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க. இன்னைக்குத்தான் வரப்போறதைச் சொல்லியிருக்கீங்க.” அவர் எழுந்தார். “திங்கக்கிழமை வீட்டுக்கு வாங்க. பத்திரத்தை வேற மாதிரி எழுதணும். ரூபெனுக்குத் தெரியக் கூடாது.”

கதவு சாத்திய பிறகுதான் உலிசெஸுக்கு மூச்சு வந்தது.

“என்ன காத்து பாத்தீங்களா, நிபியா! அந்தப் பேப்பரை ரெண்டு தெரு தாண்டி, சரியா அவங்க கடை வாசல்ல கொண்டுபோய்ப் போட்டிருக்கு.”

நிபியா துடைப்பத் துணியைப் பிழிந்தார்.

“காத்தா? மூணு வாரமா நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல. அவங்க பேப்பரைக் காலையிலேயே நான் கையில கொண்டுபோய்க் குடுத்துட்டேன், மத்த பத்தையும் வீசினது நீங்க காத்துன்னு நம்பத்தான்.”