புது ரேஸ் சைக்கிளும் கழலாத ரெண்டு காலும்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வண்ணாரப்பேட்டைக்குப் போய் புது சைக்கிளை வாங்கி, அதை ஓட்டிக்கிட்டு காலடிப்பேட்டையில இருக்குற எங்க வூட்டுக்கு வந்து சேரணும். அவ்ளோதான்.

சாதா சைக்கிள் இல்லீங்க. ரேஸ் சைக்கிள்! ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பாரு, கட்டைவிரல் தண்டிக்கு டயரு, முன்னாடியும் பின்னாடியும் கியரு.

மணலி கம்பெனியில என்கூட வேலை பாக்குற ஆல்பர்ட் இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தான். தெனம் காலையில எண்ணூர் வரைக்கும் மிதிச்சுட்டு வருவான். அவன் தொப்பை காணாமப் போச்சு. எங்க போச்சுன்னு என் சட்டை பட்டனைப் பாத்தாலே தெரியும்.

"ஆடி மாசத்துல யாராச்சும் வண்டி எடுப்பாங்களா?" என் சம்சாரம் கலா கேட்டா.

"ஆடியிலதான்டி தள்ளுபடி!"

"சரி, எடுத்துட்டு நேரா தெருமுனை அம்மன் கோயிலுக்கு வா. இன்னிக்கு கூழ் ஊத்துறாங்க, எல்லாரும் அங்கதான் இருப்போம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஆரத்தி எடுத்துடலாம். நாலு பேரு பாக்குற மாதிரி வந்து மரியாதையா நில்லு."

நில்லுன்னு சொன்னா பாருங்க, அங்கதான் சனி உக்காந்துச்சு.

கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். சைக்கிளைத் தட்டிக் குடுத்துக்கிட்டே, "சார், இந்த வண்டி காத்தா பறக்கும், பாத்துக்கிடுங்க. இந்தப் பெடலுக்குன்னே தனி ஷூ இருக்கு. அடியில ஒரு கொக்கி. காலை வச்சு அமுக்குனா பெடல்ல பூட்டிக்கிடும். காலும் வண்டியும் ஒண்ணாயிரும்"ன்னாரு.

"நடுவுல கழண்டுக்காதே?"

"எவ்வளவு டைட்டு வேணுமோ அவ்வளவு வச்சிக்கிடலாம்."

"ஃபுல் டைட்டு வைங்க!"

கூட வந்திருந்த ஆல்பர்ட் தலையில கை வெச்சிக்கிட்டான். "மாமு, மொத நாளு. கொஞ்சம் லூசா வெச்சிக்க மாமு."

"நான் இன்னா சின்னப் புள்ளையா? நாப்பது வயசாவுது."

"அதான் மாமு பயமா கீது. சரி, கவனமா கேளு. எறங்குறப்ப இன்னா பண்ணணும்னா..."

நான் கேக்கல. எதுத்த ஜவுளிக்கடை கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டிருந்தேன். ஹெல்மெட்டு, கருப்புக் கண்ணாடி, அந்த ஷூ. சத்தியமா சொல்றேன், கண்ணாடியில தெரிஞ்ச ஆளுக்கு தொப்பையே இல்ல.

ஆல்பர்ட் சீட்டைப் பிடிச்சுக்க, ஏறி உக்காந்து ரெண்டு காலையும் அமுக்குனேன். டக். டக். பூட்டிக்கிச்சு. அவன் ஒரு தள்ளு தள்ளுனான்.

ஐயோ! அந்த சுகத்தை எப்படிச் சொல்றது! ஒரு மிதிக்கு ஒரு கடை தாண்டுது. டி.எச். ரோட்டுல ஷேர் ஆட்டோவை முந்துறேன். ஆட்டோக்குள்ள இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பாக்குறாங்க. மீன் கூடையோட பஸ்ஸுக்கு நின்ன அம்மா ஒண்ணு, "யார்றா இவன், ராக்கெட்டு கணக்கா போறான்!"ன்னு சொன்னது காதுல தேனாப் பாஞ்சுச்சு. பின்னாடி ஆல்பர்ட் அவன் மொபெட்டுல தடதடன்னு வந்துகினே எதையோ கத்துறான். பாராட்டுறான்னு நெனச்சு கையை ஆட்டுனேன்.

டோல்கேட் கிட்ட சிவப்பு சிக்னல் விழுந்துச்சு.

பிரேக்கு புடிச்சேன். வண்டி மெதுவாச்சு. காலை ஊனலாம்னு எடுத்தேன். வரல. இன்னொரு காலை எடுத்தேன். அதுவும் வரல. இழுக்குறேன், ஒதறுறேன், நவுரவே இல்ல. வண்டி நின்னா சாயும், சாஞ்சா காலை ஊனணும். ஆனா காலு என்கிட்ட இல்ல, பெடல் கிட்ட கீது!

பக்கத்துல ஒரு கண்டெய்னர் ட்ரெய்லர் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதோட ஓரக் கம்பியை எட்டிப் புடிச்சுட்டேன். அப்பாடா! கீழ விழாம, ரொம்ப ஸ்டைலா சாஞ்சு நின்னேன்.

பச்சை விழுந்துச்சு.

ட்ரெய்லர் கெளம்பிச்சு. நானும் கெளம்பிட்டேன். பயத்துல கை கம்பியை விட மாட்டேங்குது. மிதிக்காமலே போறேன்! ட்ரெய்லர் கிளீனர் ஜன்னல் வழியா தலையை நீட்டுனான்.

"யோவ்! இன்னாய்யா தொங்கினு வர்ற? சாவணுமா?"

"எறங்க முடியல நைனா!"

"நீ ஏறவே இல்லியேய்யா!"

திரும்பிப் பாத்தா ஆல்பர்ட்டைக் காணோம். அவன் மொபெட்டு சிக்னல்லயே மக்கர் பண்ணிடுச்சு. எறங்குற ரகசியம் தெரிஞ்ச ஒரே மனுஷன் அதை உதைச்சுக்கிட்டு நிக்கிறான்.

எங்க தெரு திருப்பம் வந்துச்சு. இதை விட்டா எண்ணூர்தான், அப்புறம் கடல்தான். கண்ணை மூடிக்கிட்டு, கையை விட்டு ஹேண்டிலைத் திருப்புனேன். கண்ணைத் தொறந்தா, ட்ரெய்லர் குடுத்த வேகத்தோட எங்க தெருவுக்குள்ள பாஞ்சுக்கிட்டிருக்கேன்.

கோயில் வாசல்ல கூட்டம். பந்தல், வேப்பிலைத் தோரணம், பம்பை மேளம், மைக் செட்டு. நடு ரோட்டுல கலா ஆரத்தித் தட்டோட நிக்கிறா. அவ முன்னாடி ரெண்டு எலுமிச்சம்பழம்.

"கலா, நவுரு!"

சதக், சதக். பழம் ரெண்டும் நசுங்குச்சு. நான் நிக்கல. கூட்டம் கைதட்டுச்சு.

"நில்லு! கற்பூரம் ஏத்தல இன்னும்!"ன்னு கலா கத்துனா.

"முடியல!"

தெருவுல ரெண்டு பக்கமும் தொறந்த சாக்கடை. ஒரு சுவத்தைக்கூட எட்டிப் புடிக்க வழியில்ல. விழலாம்தான். ஆனா புது வண்டியில கீறல் விழுமே! அதனால கோயிலைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சு மறுபடியும் வந்தேன். கலா இந்தத் தடவை கற்பூரம் ஏத்தி ரெடியா வெச்சிருந்தா. தாண்டிப் போனேன். அவ தட்டோட நாலடி பின்னாலயே ஓடி வந்து நின்னா.

"பெரிய ஹீரோன்னு நெனப்பு! நிறுத்துடான்னா நிறுத்து!"

கல்யாணமாகி அன்னிக்குத்தான் என்னை மொத மொதலா 'டா' போட்டா. அதுவும் கூழுக்கு வந்த மொத்த ஜனத்து முன்னாடி.

மூணாவது ரவுண்டுல மைக் செட்டுக்காரர் தானா ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. "ஆத்தாவின் அருளால், நம்ம தெரு சேகர் அண்ணன் அவர்கள், காலைக் கீழே வைக்காமல் சைக்கிள் ஓட்டும் சாதனையைத் துவக்கியிருக்கிறார்! பக்தகோடிகள் உற்சாகப்படுத்தவும்!"

சின்ன வயசுல பாத்திருப்பீங்களே, எறங்காம நாள் கணக்குல சைக்கிள் ஓட்டுவாங்களே, அந்த லிஸ்டுல என்னைச் சேத்துட்டாரு.

"கால் மாட்டிக்கிச்சு! கால் மாட்டிக்கிச்சு!"ன்னு நான் கத்துறேன். பம்பைச் சத்தத்துல அது யாருக்குக் கேக்கும்? எதுத்த வூட்டு அம்மா எனக்கு அருள் வந்துடுச்சுன்னு நெனச்சு ஒரு கொடம் மஞ்சத் தண்ணியை மேல ஊத்துச்சு. இன்னொருத்தர் கூடவே ஓடி வந்து கழுத்துல மாலை போட்டாரு. வேறொருத்தர் சட்டையில பத்து ரூபா நோட்டைக் குத்துனாரு. ஊக்கு சட்டையோட நிக்கல. "ஆ!"ன்னு அலறுனேன். "அருள் ஏறுது, அருள் ஏறுது!"ன்னு பம்பைக்காரரு இன்னும் வேகமா அடிச்சாரு.

எத்தனை சுத்து சுத்துனேன்னு எனக்கே தெரியாது. தொடை நடுங்குது. நாக்கு தள்ளுது. ஒருத்தர் சொம்புல கூழை எடுத்துக்கிட்டு கூடவே ஓடி வர்றாரு. "ஓட்டிக்கினே குடிச்சுக்கண்ணே!"

அப்பதான் ஆல்பர்ட் வந்தான். மொபெட்டைத் தள்ளிக்கிட்டே வந்திருக்கான், சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. நெலமையைப் பாத்தான். நேரா போயி மைக்கைப் புடுங்குனான்.

"மாமு! இழுக்காத! குதிங்காலை வெளிப்பக்கம் திருப்பு! திருப்பு மாமு!"

அவ்ளோதானா? இவ்ளோ நேரம் இழுத்துக்கிட்டு இருந்தேன், திருப்பவே இல்லியே! பிரேக்கைப் புடிச்சேன். இருந்த தெம்பையெல்லாம் சேத்து இடது காலைத் திருப்புனேன்.

டக்!

கழண்டுடுச்சுங்க! வுடுதலை! அந்த சந்தோஷத்துல இடது காலை வெளிய நீட்டிக்கிட்டு, கூட்டத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டேன்.

வண்டி வலது பக்கம் சாஞ்சுது.

வலது கால் இன்னும் பெடல்லயே இருந்துச்சு.

மரம் சாயுற மாதிரி, அப்படியே பொறுமையா, கும்பிட்ட கையோட விழுந்தேன். விழுந்தது நேரா கலா கீழ வெச்சிருந்த ஆரத்தித் தட்டு மேல. ஆரத்தித் தண்ணி மொத்தமும் என் மூஞ்சியில.

"ரத்தம்! ரத்தம்!"ன்னு கூட்டம் அலறுச்சு. பம்பை நின்னுது.

"ரத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆரத்தி,"ன்னா கலா.

பக்கத்துல குந்தி, என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, வலது கால் ஷூவோட பட்டையைப் பிரிச்சா. கால் வெளிய வந்துடுச்சு. ஷூ பெடல்லயே இருந்துச்சு.

"ஷூவைக் கழட்டத் தெரியாதா உனக்கு?"

நாலு பேரு சேந்து என்னைத் தூக்குனாங்க. சைக்கிளைத் தடவிப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. எனக்குத்தான் முட்டி, முழங்கை, மானம்னு வரிசையா போயிருந்துச்சு.

சாயங்காலம் முட்டிக்கு மருந்து தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன். வாசல்ல ரெண்டு பேரு. பக்கத்துப் பேட்டை கோயில் திருவிழா கமிட்டியாம். கையில ஒரு சீப்பு வாழைப்பழம் வேற.

"அண்ணன் ஓட்டுனதைப் பாத்தோம்மா. சூப்பர்! எங்க திருவிழாவுக்கும் வரணும். மூணு நாளு எறங்காம ஓட்டணும், அண்ணனால முடியுமா?"

கலா வாழைப்பழத்தை வாங்கி உள்ள வெச்சுட்டு வந்து சொன்னா:

"ஓட்டுவாரு. எறங்கச் சொன்னாத்தாங்க கஷ்டம்."